வீட்டுக்கு ஒரு கல்

மைக்செட்காரர் பேசினால் பிணம்கூட எழுந்து உட்கார்ந்து காசை எடுத்துக் கொடுக்கும் என்று அந்தக் கடற்கரை ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ரொம்பக் கூடுதல் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், யார் வீட்டுக் குழந்தை காணாமல் போனது, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று இருபத்தாறு வருஷமாக அந்த ஊரின் வாயாக இருந்தவர் அவர். மூன்று சக்கர வண்டி, அதன் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள், சீட்டுக்கு அடியில் ஒரு பேட்டரி, மடியில் ஒரு மைக். இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி.

ஆள் பார்க்கச் சோப்ளாங்கி. பதினேழு வயதில் ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்கப் போய், மூன்றாம் நாளே தோள்பட்டை இறங்கித் திரும்பி வந்தவர். "இவன் எதைத் தூக்கிப் பிழைக்கப் போறான்?" என்று ஊரே கேட்டபோது, "வாயைத் தூக்கிப் பிழைப்பான்" என்று சொன்னவள் அவருடைய அக்கா. ஒன்பது வயது மூத்தவள். இறால் உரிக்கும் கொட்டகையில் பன்னிரண்டு வயதிலிருந்து வேலை பார்த்தவள். அவளுடைய சம்பளத்தில்தான் முதல் ஆம்பிளிபயர் வந்தது. பழசு, ஒரு பக்கம் துருப்பிடித்தது, போட்டால் முதலில் பத்து நிமிஷம் இருமும். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

தொழிலில் அவருக்கு ஒரு வித்தை உண்டு. அதை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மைக் கையில் கிடைத்தால் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. இரண்டு வார்த்தை பேச வந்தவர் தன் பாட்டன் காலத்துக்குப் போய்விடுவார். பந்தியில் சோறு ஆறும், வெளியே பிணம் காத்திருக்கும், இவர் இறங்க மாட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் மைக்செட்காரரின் விரல் தானாகவே ஆம்பிளிபயரின் சத்தக் குமிழுக்குப் போகும். ஒரேயடியாகக் குறைக்க மாட்டார். மயிரிழை மயிரிழையாகக் குறைப்பார். பேசுகிறவர் தன் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டு, குடித்து, உட்கார்ந்துவிடுவார். "இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்லே" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். "கண்டுபிடிச்சா உங்களை அடிப்பாங்க" என்பாள் மனைவி.

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரும் அடிக்கவில்லை.

கடல் அந்த ஊரை ஆறு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. முதலில் படகு ஏற்றும் மணல் போனது. பிறகு வலை காய வைக்கிற மேடு. பிறகு மீன் ஏலம் போடுகிற சிமெண்டுத் தளம் ஒரு மழைக்காலத்தில் இரண்டாகப் பிளந்து, மறு மழைக்காலத்தில் ஒரு பாதி காணாமல் போனது. ஊர்க்காரர்கள் அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போனார்கள். கோப்பு நகர்கிறது என்று பதில் வந்தது. கடல் அதைவிட வேகமாக நகர்ந்தது.

அப்போதுதான் ஐஸ் கம்பெனி முதலாளி கமிட்டி போட்டார். ஊரில் அவரை ஐஸ்காரர் என்பார்கள். அவருடைய கம்பெனி ஊரின் தெற்குக் கோடியில் கடலைப் பார்த்தபடி நின்றது. நாமே காசு போட்டு, மலையிலிருந்து பாறை கொண்டுவந்து கரை நெடுக அடுக்குவோம் என்றார். சுயநலம் இல்லாத யோசனை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் நல்ல யோசனைதான். வீட்டுக்கு ஒரு கல் என்ற பேச்சு மட்டும் மைக்செட்காரருடையது. ஒவ்வொரு வீடும் குறைந்தது ஒரு பாறையின் விலையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பாறையில் அந்த வீட்டின் கதவு எண்ணை வெள்ளைப் பெயிண்டில் எழுதிவிடுவது. "கொடுத்தவன் போய்த் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கணும்ணே. அப்பதான் கொடுப்பான்" என்றார் ஐஸ்காரரிடம். ஐஸ்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்தக் கடலில் வருஷத்தில் எட்டு மாதம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். அது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் வருகிற பக்கத்தை அடைத்தால் மற்றதெல்லாம் தானாகப் பத்திரமாகிவிடும் என்று கடலிலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். கடலைத் தெரியாதவன் அப்படி ஒரு தப்பைச் செய்திருக்கவே மாட்டான். யாரிடமாவது கேட்டிருப்பான்.

அக்காவின் வீடு வடக்குக் கோடியில் இருந்தது. கதவு எண் நூற்றுப் பதினான்கு. புருஷன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபிறகு, ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, இறால் உரித்த காசில் அந்த வீட்டைக் கட்டினாள். ஒரேயடியாகக் கட்டவில்லை. ஒரு வருஷம் அஸ்திவாரம், ஒரு வருஷம் ஒரு சுவர், நடுவில் மகள் கல்யாணத்துக்காக மூன்று வருஷம் எதுவுமே இல்லை. பதினோரு வருஷத்தில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எழும்பின. கூரை மட்டும் தகரம். வயர் இழுத்துக் கொடுத்தவர் மைக்செட்காரர். தகரத்தை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும் என்பது அக்காவுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. அதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை எப்போதும் ஐஸில் ஊறி வெளிறிப்போய், விரல் நுனிகள் சுருங்கிக் கிடக்கும். அந்த விரல்களால்தான் நோட்டுகளை மடித்து மடித்து ஒரு மாவு டப்பாவில் வைத்திருந்தாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் மைக்செட்காரர் அவள் வீட்டுக்குப் போனார்.

"நாளைக்கு நீதான் முதல்ல எழுந்திருக்கணும் அக்கா. ஊரான் பேசினா யோசிப்பாங்க. நீ கொடுத்துட்டேன்னா உன் கோடியில இருக்கிறவங்க அத்தனை பேரும் கொடுப்பாங்க."

"எவ்வளவுடா கொடுக்கணும்?"

"ஒரு கல்லு போதும்."

"ஒண்ணே ஒண்ணா? ஊருக்கே உபதேசம் பண்ற மைக்செட்காரரோட அக்கா ஒரு கல்லோட எழுந்திருந்தா அசிங்கமா இல்லையா?" என்று சிரித்தாள். "தளம் அடுத்த வருஷம் போட்டுக்கலாம். வீடு நின்னாத்தானே தளம்."

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட மைதானத்தில். சனம் திரண்டு வந்திருந்தது. அக்கா முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கருமேகம் வடக்கே கட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கென்று பார்த்து அலுவலகத்து அளவைக்காரர் ஒருவரும் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஊர் கொடுத்த மனுவுக்கு இரண்டு வருஷம் கழித்து வந்த பதில் அவர். மூக்குக் கண்ணாடி, ஒல்லி உடம்பு, சுருட்டிய வரைபடம், பூனைக் குரல். மூன்று நாளாகக் கரையில் முக்காலி வைத்து அளந்துகொண்டிருந்தவர். தனக்கும் ஐந்து நிமிஷம் வேண்டும் என்றார். ஐஸ்காரர் மரியாதைக்காக மைக்கைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மைக்செட்காரர் அவருடைய காலடியில் ஆம்பிளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதனால் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்தது.

அளவைக்காரர் மணலைப் பற்றிப் பேசினார். நீரோட்டம் தண்ணீரை மட்டும் கொண்டுவரவில்லை, மணலையும் கொண்டுவருகிறது என்றார். தெற்குக் கரையிலிருந்து எடுப்பதைத்தான் வடக்குக் கரைக்குக் கொடுக்கிறது என்றார். பேச்சு ஐந்து நிமிஷத்தைத் தாண்டியது. எட்டானது. ஒன்பதானது. முதல் தூறல் விழுந்தது. பின்வரிசைப் பெண்கள் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். பணம் போட விரித்து வைக்க வேண்டிய துணி இன்னும் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஐஸ்காரர் மைக்செட்காரரைப் பார்த்தார். மைக்செட்காரரின் விரல் குமிழுக்குப் போனது.

"கல் போடறது தப்பில்லீங்க," என்று அளவைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா முழுக் கரைக்கும் ஒரே நேரத்துல போடணும். பாதியோட நிறுத்தினா, நிறுத்தின இடத்துக்கு அப்புறம் அரிப்பு ரெண்டு மடங்காகும். தெற்கே ஆரம்பிச்சு நடுவுல விட்டீங்கன்னா வடக்குக் கோடி போயிடும். மொத்தப் பணமும் சேரும் வரைக்கும் பொறுத்துக்கங்க."

பின்வரிசைக்கு அவருடைய உதடு அசைந்ததுதான் தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் கேட்டார். குடித்தார். உட்கார்ந்தார்.

மைக்செட்காரரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாத அதிகாரியை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. இதுவும் அந்தக் கழுதைதான் என்று நினைத்தார். முழுப் பணமும் சேர ஏழு வருஷம் ஆகும், அதற்குள் ஊரே இருக்காது என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கும் தப்பில்லை. மழை வேறு வருகிறது. அவர் எழுந்து மைக்கை வாங்கினார், குமிழைத் திருகி முழுச் சத்தம் வைத்தார்.

"தாய்மார்களே, பெரியோர்களே! ஐயா நல்லாப் பேசினாரு. எனக்குத்தான் ஒண்ணும் புரியல!" கூட்டம் சிரித்தது. சுருட்டிய பாய்கள் மறுபடி விரிந்தன. "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். திருடன் எந்த வாசல் வழியா வர்றானோ அந்த வாசலைப் பூட்டு. வீடு முழுக்கப் பத்திரம். நம்ம திருடன் தெற்கு வாசல் வழியா வர்றான். பூட்டுவோமா, வேண்டாமா?"

பூட்டுவோம் என்றது ஊர். அக்கா எழுந்தாள். மூன்று கல்லுக்கு உண்டான பணத்தைத் துணியில் வைத்தாள். "நூத்திப் பதினாலாம் நம்பர், மூணு கல்லு! யாரு? என் கூடப் பிறந்தவ! இறால் உரிக்கிறவ! அவளே மூணு கல்லு கொடுத்துட்டா, வடக்குக் கோடி ஆம்பளைங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று மைக்செட்காரர் கேட்ட கேள்வியில் வடக்குக் கோடி முழுவதும் எழுந்து நின்றது. நனைந்துகொண்டே கொடுத்தார்கள். அளவைக்காரர் தம் வரைபடத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் மைக்செட்காரர் வீட்டில் தங்கவே இல்லை. பக்கத்துச் சந்தைகள், பஸ் நிலையம், பள்ளிக்கூட வாசல் என்று சுற்றினார். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. தையல் கடைக்காரி ஒரு வாரக் கூலியைக் கொடுத்தாள். இரண்டு படகுக்காரர்கள் ஒரு நாள் பிடித்த மீனை அப்படியே கொடுத்தார்கள். வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போன பையன்கள் சேர்ந்து அனுப்பினார்கள். தொண்டை கரகரத்து, வெந்நீரும் உப்புமாகக் கொப்பளித்துக்கொண்டு, மறுநாளும் கிளம்பினார். அவர் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

லாரிகள் வந்தன. பாறைகள் இறங்கின. தெற்குக் கோடியில் தொடங்கிய சுவர் மெல்ல மெல்ல வடக்கே வந்தது. ஊர் நடுவைத் தாண்டி நின்ற தண்ணீர்த் தொட்டியை எட்டியபோது பணம் தீர்ந்துவிட்டது. தொட்டிக்கு வடக்கே முப்பத்திரண்டு வீடுகள் இருந்தன. அடுத்த வருஷம் தொடருவோம் என்று கமிட்டி சொன்னது. அதை மைக்செட்காரர்தான் வண்டியில் போய் அறிவித்தார்.

அக்காவின் மூன்று கல்லும் ஐஸ் கம்பெனிக்கு நேர் எதிரே விழுந்திருந்தன. விடுமுறை நாளில் அவள் அங்கே நடந்து போய், 114 என்று எழுதிய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். "என் வீட்டை விட இது உறுதியா இருக்குடா" என்று தம்பியிடம் பெருமையாகச் சொல்வாள்.

முதல் மழைக்காலத்தில் தெற்குக் கோடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஐஸ்காரர் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். மைக்செட்காரரைத் தோளில் தூக்கிவைத்து ஆடாத குறை. மழைக்காலம் முடிந்து, வானம் தெளிந்தபிறகுதான் அது தொடங்கியது. பாறை முடிகிற இடத்தில் கடல் ஒடித்துத் திரும்பி உள்ளே புகுந்தது.

அக்காவின் சமையலறைக் கதவிலிருந்து தண்ணீர் வரை தொண்ணூறு அடி நடை இருந்தது. அவள் அதைத் தினமும் நடந்து எண்ணினாள். தம்பி வரும்போது சொல்வாள். "அறுபத்தி ரெண்டு." அடுத்த வாரம், "நாப்பத்தி ஏழு." குரலில் ஒரு குறையும் இருக்காது. கடைத்தெருவில் கத்தரிக்காய் விலை சொல்வதைப் போலச் சொல்வாள். "இன்னும் கல்லு வரணும்ல. வந்துட்டா சரியாயிடும்" என்பாள். மைக்செட்காரருக்கு முதல் எண்ணைக் கேட்டபோதே விஷயம் புரிந்துவிட்டது. அளவைக்காரரின் பூனைக் குரல் அப்படியே காதில் வந்து நின்றது. அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஊரில் வேறு யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொண்டது அவர்தானே.

அவர் மறுபடியும் வண்டியை எடுத்தார். வடக்குக் கோடிக்குக் கல் வேண்டும் என்று தெற்கிலிருந்து வசூலை ஆரம்பித்தார். அங்கேதான் காசு இருந்தது. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பது சும்மா வந்த பேச்சு இல்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னல்கள் மூடின. "எங்க கல்லுக்கு நாங்க கொடுத்தாச்சு அண்ணே" என்றாள் ஒருத்தி, கதவைப் பாதி திறந்து. "இந்த வருஷம் மகளுக்குப் பிரசவம் இருக்கு" என்றார் ஒருவர். மகளுக்குப் போன வருஷமும் பிரசவம் இருந்தது, அப்போது இரண்டு கல் கொடுத்தார்.

ஐஸ்காரர் உட்காரச் சொல்லி, குடிக்கக் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்பா. கம்பெனியில ரெண்டு மெஷின் படுத்துக் கிடக்கு. அது மட்டுமில்லே, கடல் எந்நேரமும் இப்படியே இருக்காது. அதுவா நின்னுடும்."

"நிக்காதுண்ணே."

"உனக்கெப்படித் தெரியும்?"

மைக்செட்காரர் வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். நம்முடைய கல்தான் வடக்கைத் தின்கிறது, அன்றைக்கே அந்த மனுஷன் சொன்னார் என்று சொன்னால், அப்போது எங்களுக்கு ஏன் கேட்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். ஊருக்கே வாயாக இருந்தவருக்கு அந்த ஒரு பதிலுக்கு வாய் வரவில்லை. "சும்மா தோணுதுண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். கோழைத்தனம்தான். வேறு பெயர் வைத்து அழைக்க நான் தயாராக இல்லை.

இரண்டு மாதம் கத்தியதில் நான்கு பாறைக்குப் பணம் சேர்ந்தது. நான்கு பாறைக்காக எந்த லாரியும் வராது. வடக்குக் கோடிக்காரர்கள் அந்தப் பணத்தில் சாக்கு வாங்கி மணலை நிரப்பி அடுக்கினார்கள். ஒரே வாரத்தில் கடல் சாக்கை எல்லாம் கிழித்துப் போட்டது.

அக்காவின் வீடு போன நாளில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. பளிச்சென்று வெயில். கடலின் முழு ஏற்றம் மத்தியானம் இரண்டு மணிக்கு வரும் என்று தெரிந்ததால், காலையிலேயே தகரத்தைக் கழற்றினார்கள். கதவு நிலைகளைப் பெயர்த்து எடுத்தார்கள். மைக்செட்காரர் ஏணி போட்டு ஏறி, தாம் இழுத்த வயரைத் தாமே உருவிச் சுருட்டினார்.

"அந்த சுவிட்சையும் எடுத்துக்கடா. நல்ல சுவிட்சு" என்றாள் அக்கா கீழே நின்றபடி.

எடுத்தார். திருப்புளி கை நழுவி இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் அக்கா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய விரல் அப்போதும் சில்லென்றுதான் இருந்தது.

முதலில் சமையலறைச் சுவர் சாய்ந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பதினோரு வருஷம் கட்டிய வீட்டுக்கு அந்தச் சத்தம் காணாது என்று மைக்செட்காரருக்குத் தோன்றியது. நாலு மணிக்கெல்லாம் அங்கே வெறும் தண்ணீர்தான். அக்கா அழவில்லை. அன்றைக்கு லீவு போட்டதால் ஒரு நாள் சம்பளம் போச்சு என்று மட்டும் சொன்னாள்.

நிவாரணம் கேட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர், வீடு இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். போட்டோ இருக்கிறதா, கதவு எண் தெரிகிற மாதிரி?

"போட்டோ இல்லீங்க. நம்பர் வேணா இருக்கு," என்றாள் அக்கா. "ஐஸ் கம்பெனிக்கு எதிரே மூணு பாறையில எழுதியிருக்கு. வந்து பார்த்துக்கங்க."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

தன் வீட்டிலேயே வந்து இருக்கச் சொல்லி மைக்செட்காரர் கெஞ்சினார். மனைவியும் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். அவர்களுடைய வீடு ஊரின் நடுவில், பாறைச் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அக்கா வரவில்லை. வடக்கே அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்த மகளிடம் போகிறேன் என்று ஒரு பெட்டியும் மாவு டப்பாவுமாகப் பஸ் ஏறினாள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் தொட்டிக்கு வடக்கே இருந்த மற்ற வீடுகளில் பத்தொன்பது போயின.

அதற்குப் பிறகு மைக்செட்காரர் கல்யாணத்துக்குப் போவதை விட்டுவிட்டார். சாவுக்கு மட்டும் போனார், அதற்கும் ஒலிநாடாவைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். மைக்கை எடுத்தாலே தொண்டை அடைத்தது. "டாக்டரைப் பாருங்க" என்றாள் மனைவி. பார்த்தார். தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டு மனைவி சந்தோஷப்பட்டாள், அவர் படவில்லை.

நான்கு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. வண்டி, மைக்செட் எல்லாவற்றோடும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. அக்கா கூப்பிட்டபிறகு எதற்கென்று கேட்கும் நிலையில் அவரும் இல்லை.

போய் இறங்கியதுமே புரிந்துவிட்டது. அந்த ஊருக்கும் இப்போது மணல் வரவில்லை. கரை கத்தியால் வெட்டின மாதிரி செங்குத்தாக நின்றது. ஒரு பெரிய கிடங்கின் நிழலில் சனம் கூடியிருந்தது. கரையில் பாறை அடுக்கப் போகிறார்களாம். அவருடைய ஊர்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பணம் திரட்டிய மைக்செட்காரர் நம் ஊர் மருமகளுக்குத் தாய்மாமனாமே என்று தேடி வந்து, அக்காவைப் பிடித்திருக்கிறார்கள். மகளின் வீடு அந்த ஊரின் தெற்குக் கோடியில் இருந்தது.

ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அவர் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார். அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்துப் போயிருந்தாள். இங்கேயும் ஒரு இறால் கொட்டகையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

"என்னால முடியாது அக்கா."

"ஏன்?"

"அன்னிக்குக் கூட்டத்துல அந்த அளவைக்காரர் ஒண்ணு சொன்னாரு. பாதியில நிறுத்தினா வடக்குக் கோடி போயிடும்னு சொன்னாரு. யாருக்கும் கேக்கல." சொம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தான் சத்தத்தைக் குறைச்சேன். நீ வீட்டை விட்டு வந்ததுக்குக் கடல் காரணமில்லே. நான்தான்."

அக்கா சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள்.

"எனக்குக் கேட்டுச்சுடா," என்றாள். "நான் முன்னாடிதானே உக்கார்ந்திருந்தேன். மைக்கே இல்லாம கேட்டுச்சு. வடக்குக் கோடின்னு சொன்னதும் கேட்டுச்சு. நீ கையைக் குமிழ்ல வெச்சதையும் பார்த்தேன்."

மைக்செட்காரர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுட்டுமா எழுந்தே?"

"அவரு யாரோ. நீ என் தம்பி. ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொன்னா நான் யாரை நம்புவேன்?"

அதில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். இல்லை. அவள் எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினாள். கிடங்கு நிழலிலிருந்து யாரோ, நேரமாகிறது, ஆரம்பிக்கலாமா என்று குரல் கொடுத்தார்கள். இதோ வர்றாரு என்று அக்காவே பதில் சொன்னாள்.

"அக்கா, இங்கே கல்லு போட்டா இதுக்கு அடுத்த ஊரு போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைப் பேசச் சொல்றே?"

அக்கா முந்தானையால் ஈரக் கையைத் துடைத்தாள். மகளின் வீடு இருந்த திசையைப் பார்த்தாள். வடக்குப் பக்கம் திரும்பவே இல்லை.

"அங்கேயும் எவளுக்காவது ஒரு தம்பி இருப்பான்டா," என்றாள். "அவன் வந்து அவளுக்குப் பேசட்டும். நீ எனக்குப் பேசு."

சொல்லிவிட்டுப் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்துகொண்டாள். மகள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். மைக்செட்காரர் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தார். மைக்கை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டினார். தாய்மார்களே, பெரியோர்களே என்று ஆரம்பித்தார். குரல் நன்றாகத்தான் வந்தது.